கோட்டுப் போட்டுக் கேட்ட பாட்டு

கொலோன், ஜெர்மனி
14.9.98

அமிர்தத்துக்கு,

உனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை என்று உன் அண்ணி எழுதியிருக்கிறாள். நான் கிளம்பிய அன்றைக்கு அரியலூர் ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்தார்கள், நீயும் மாப்பிள்ளையும் மட்டும் வரவில்லை. பாடாலூரில் நீ பாடிய கச்சேரிக்கு நான் வராததற்காகத்தானே? நைட் ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்று அப்போதே சொல்லி அனுப்பினேன். நம்பாவிட்டால் போ. கூடப் பிறந்தவன் எழுதுகிற கடிதத்தையாவது கிழிக்காமல் படி.

வந்து இரண்டு மாதம் ஆகிறது. நம் சிமென்ட் ஃபாக்டரிக்குப் புதிதாக ஒரு சூளை கப்பலில் வந்து இறங்குகிறதே, அதைச் செய்கிற கம்பெனி இதுதான். எப்படிப் பற்றவைப்பது, எவ்வளவு சூட்டில் வைப்பது, எப்படி அணைப்பது என்று சொல்லித் தருகிறார்கள். வெர்னர் என்று ஒருவர்தான் எனக்கு வாத்தியார். பொறுமைசாலி. என் இங்கிலீஷ் அவருக்குப் புரிவதில்லை, அவருடையது எனக்குப் புரிவதில்லை, அதனால் சண்டையே வருவதில்லை.

போன சனிக்கிழமை சாயங்காலம் எங்களை 'ஆபெரா' என்ற ஒன்றுக்குக் கூட்டிப்போனார்கள். நாடகம்தான், ஆனால் பேச்சே கிடையாது, எல்லாமே பாட்டு. கதவைத் திற என்பதையும் பாட்டாகத்தான் சொல்லுகிறார்கள். திறக்கிறவனும், திறக்கிறேன் திறக்கிறேன் என்று நாலு தரம் பாடிவிட்டுத்தான் திறக்கிறான். கோட்டு இல்லாமல் போனால் நன்றாக இருக்காதாம். வெர்னர் தன்னுடைய பழைய கோட்டைக் கொடுத்தார். அவர் ஆறரை அடி. எனக்குக் கைவிரல்கூட வெளியே தெரியவில்லை. நம் மேனேஜர் சாரும் ஒரு வார வேலையாக அரியலூரிலிருந்து வந்திருந்தார். இரண்டாவது வரிசையில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவருக்கு. ஊரில் அவருக்கு எதிரே நான் உட்கார்ந்ததே கிடையாது.

கதாநாயகி நல்ல பருமன். மைக் கிடையாது, ஆனாலும் குரல் கடைசி வரிசைச் சுவரில் போய் முட்டுகிறது. அதை மட்டும் சொல்லியே ஆக வேண்டும். கடைசியில் அவளைக் கத்தியால் குத்திவிடுகிறார்கள். குத்துப்பட்டவள் கால் மணி நேரம் பாடிவிட்டுத்தான் செத்தாள். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். செத்தவளும் எழுந்து வந்து கும்பிட்டாள். நானும் நின்றுகொண்டு தட்டினேன்.

மூன்று மணி நேரம், அமிர்தம். ஒருத்தர் இருமவில்லை. நமக்கெல்லாம் அது ஒத்துவராது. உன் ஆட்கள் உறுமியை ஒரு இழுப்பு இழுத்தால் கால் தானாக ஆடும். இங்கே காலை ஆட்டினேன், இன்னொரு பக்கத்தில் இருந்தவள் முறைத்தாள். மினி பஸ்ஸைப் பற்றியும் துபாய் மாப்பிள்ளையைப் பற்றியும் நீ கட்டிய பாட்டுகள்தான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஞாபகம் வந்தன.

உன் பூங்கொடிக்கு மூன்று வயது முடியப் போகிறது. தை மாதம் காது குத்திவிடலாம். ஜனவரியில் வந்துவிடுவேன். மாமன் மடி காலியாகத்தான் இருக்கிறது என்று அவளிடம் சொல்.

குழந்தைவேல்


பெரம்பலூர்
2.10.98

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தரம் படித்தேன். உன் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். கத்திக்குத்து வாங்கினவள் கால் மணி நேரம் பாடினாள் என்ற இடத்தில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பொம்பளைக்கு அண்ணன் யாராவது இருக்கிறானா, விசாரித்தாயா? இருந்தால் அவன் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தான்? ஊரான் வீட்டுப் பெண் மேடையில் நின்று புரியாத பாஷையில் பாடினால் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் இருமாமல் கேட்பாய். எழுந்து நின்று கைதட்டுவாய். உன்னோடு ஒரே தட்டில் சோறு தின்றவள் உன் பாஷையில் பாடினால் உனக்கு நைட் ஷிப்ட் வந்துவிடும்.

அன்றைக்கு உனக்கு நைட் ஷிப்ட் இல்லை. அண்ணியே சொல்லிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவள், பாவம், அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

நான் மேடை ஏறத் தொடங்கி நாலு வருஷம் ஆகிறது. எத்தனை ஊர், எத்தனை திருவிழா. மீன்சுருட்டியில் மழையில் நனைந்துகொண்டே ஜனங்கள் கேட்டார்கள். அங்கே முன்பின் தெரியாத ஒரு பெரியவர் தன் துண்டை எடுத்து என் தலையில் போட்டார். நீ ஒன்றுக்காவது வந்திருக்கிறாயா? "பொம்பள புள்ள மேடையில நின்னு ஆடிப் பாடுனா ஃபாக்டரில என்னைய எவன் மதிப்பான், நெனச்சுப் பாத்தியா?" என்று கேட்டது நீதானே? போன வருஷம் ஆயுத பூஜை அன்று, குவார்ட்டர்ஸ் வாசலில், அண்ணி கொடுத்த பொரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கும்போது கேட்டாய். பக்கத்து வீட்டில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பொரியை நான் தின்னவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்பா நாலு காணி மானாவாரிக் கொல்லையைச் சுண்ணாம்புக்கல் வெட்ட ஃபாக்டரிக்கு எழுதிக் கொடுத்தபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். அது உனக்குத்தான் என்பதில் எனக்கு ஒரு சொல் கிடையாது. ஆனால் கொல்லை எனக்கும் கொல்லைதான். கடலை ஆய்ந்ததும் எள் உலர்த்தியதும் நானும்தான். கொல்லை போனதற்கு உனக்கு ஃபாக்டரி நீலச் சட்டை கிடைத்தது, எனக்குப் பாட்டு கிடைத்தது. நான் உன் சட்டையைக் குறை சொல்லவில்லை. நீதான் என் பாட்டை மறைக்கிறாய்.

பாடாலூரில் புதிதாக ஒன்று பாடினேன். கொல்லையைப் பற்றியது. என் பாட்டுகளைக் கேசட்டாகப் போடப்போகிறார்களே, அதில் இதை மட்டும் சேர்க்கவில்லை. கேசட் போடுகிறவர், "இதாம்மா விக்கும், இத வுட்டுட்டு எத போடச் சொல்ற?" என்று தலையில் அடித்துக்கொண்டார். முடியாது என்றுவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

காணும் பொங்கலுக்கு நம் ஊரிலேயே கச்சேரி, அண்ணி எழுதியிருப்பாள். விழாக் கமிட்டி முருகையன் ஆவணியிலேயே வந்து வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனார். பிறந்த ஊரில் இதுதான் முதல் தடவை. முன் வரிசையில் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வைப்பேன். ஒரே ஒரு தடவை ஊர் பார்க்க அதில் வந்து உட்கார். எனக்கு அது போதும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் உன்னைக் கூப்பிட மாட்டேன். கோட்டு வேண்டாம், லுங்கியோடு வந்தால் போதும்.

நீ கழித்துப் போட்ட பழைய நீலச் சட்டையில்தான் உன் மாப்பிள்ளை தவிலைச் சுற்றி எடுத்து வருகிறார். அதுவாவது எல்லாக் கச்சேரிக்கும் வருகிறது.

அமிர்தவல்லி


கொலோன்
26.10.98

அமிர்தத்துக்கு,

உன் கடிதத்தைச் சாப்பிடுகிற இடத்தில் வைத்துப் பிரித்தேன். சாப்பிட முடியவில்லை.

நைட் ஷிப்ட் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடாலூருக்கு வரவில்லை என்பது பொய். வந்தேன். மெயின் ரோட்டில் புரோட்டாக் கடைக்குப் பின்னால் லாரிகள் நிறுத்துகிற இடம் இருக்கிறதே, அங்கே ஒரு நெல் லாரியை ஒட்டி நின்றேன். மேடை தெரியவில்லை, லாரி மறைத்தது. குரல் மட்டும் கேட்டது. ஃபாக்டரி ஆள் யாராவது பார்த்துவிடுவானோ என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டேன். திருடன் மாதிரி வந்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்.

கொல்லைப் பாட்டு வந்தது. முதல் இரண்டு வரிக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த இரண்டு வரிக்கு ஜனங்கள் விசில் அடித்தார்கள். என்னைப் பற்றித்தான் பாடுகிறாய் என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஆனாலும் எல்லாரும் என்னையே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கடுங்கோபம். ஆனால் இறங்குகிற வரைக்கும் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். கோபமும் பாட்டும் ஒன்றாக வருமா? எனக்கு வந்தது.

அந்தக் கச்சேரியை மாப்பிள்ளை டேப்பில் பிடித்தாரே, அதை உன் அண்ணி கேட்டு வாங்கி வந்திருந்தாள். இங்கே வரும்போது பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மூன்று மாதமாக என் அறையில் அதுதான் ஓடுகிறது. பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டுவான், கொஞ்சம் குறைத்து வைப்பேன்.

போன கடிதத்தில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதிவிடுகிறேன். நீ சந்தோஷப்படுவாய்.

ஆபெரா முடிந்து எல்லாரும் சாப்பிடப் போனோம். நீளமான மேஜை, பத்துப் பேர். வெர்னர், "எப்படி இருந்தது?" என்று கேட்டார். மற்றவர்கள் பிரமாதம் பிரமாதம் என்றார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். குரல் நல்ல குரல், ஆனால் எனக்கு எங்கள் ஊர்ப் பாட்டுத்தான் பிடிக்கும் என்றேன். "அப்படியானால் ஒன்று பாடு" என்றார். கூச்சமாக இருந்தது. அப்புறம் நினைத்தேன், அவள் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு நேரம் பாடினாளே, நமக்கென்ன என்று. கோட்டுக் கையை மடித்துவிட்டு மேஜையில் தாளம் போட்டேன்.

நாலு காணிக் கொல்லையத்தான் நாப்பதடி தோண்டிட்டான்
நம்ம அண்ணன் தோளுமேல நீலச் சட்டை மாட்டிட்டான்
சட்டைக்குள்ள அண்ணன் இருக்கா எட்டிப் பாத்துச் சொல்லுங்க
சங்கு ஊதுனா சட்டை நடக்குது, ஆளக் காணோம் தேடுங்க

இரண்டு தரம் பாடினேன். இரண்டாவது தரம் அவர்களும் சேர்ந்து மேஜையைத் தட்டினார்கள். வெர்னர் அர்த்தம் கேட்டார். மேனேஜர் சார்தான் இங்கிலீஷில் சொன்னார், ஏதோ விவசாயப் பாட்டு என்று. அப்புறம் என் பக்கம் திரும்பி, "யாருப்பா எழுதுனது?" என்று கேட்டார்.

"எந் தங்கச்சி சார்" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன், அமிர்தம். நாலு வருஷமாக ஃபாக்டரியில் ஒருத்தனிடமும் சொல்லாததை அங்கே, எல்லார் முன்னாலும் சொன்னேன். "அட, நல்லா எழுதுறாங்களே. பேரென்ன? எந்த ஊர்ல இருக்காங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உன் பேர், பெரம்பலூர், கேசட், உன் அண்ணி எழுதியிருந்த காணும் பொங்கல் கச்சேரி வரைக்கும் எல்லாம் சொன்னேன். மேஜை மேலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார். அவர் மனசு வைத்தால் உனக்கு ஃபாக்டரி விழாவிலேயே கச்சேரி கிடைக்கும்.

நாற்காலியைப் போட்டு வை. வருகிறேன்.

குழந்தைவேல்


பெரம்பலூர்
21.12.98

அண்ணே,

உன் கடிதம் நவம்பர் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் நின்றேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அழுதேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். 'அண்ணே, நீ வந்தாய் என்பதே எனக்குப் போதும்' என்று ஒரு வரி எழுதினேன். அதற்குள் கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் படித்தேன். அப்படியே பேனாவை மூடிவிட்டேன். அந்தத் தாள் இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

போன வாரம் முருகையன் வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"ஏம்மா, ஒம் பாட்டு ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு. கச்சேரி வேணாங்கிறாங்க. பந்தலு, லைட்டு, மைக் செட்டு எல்லாம் அவங்க குடுக்கிறது. நான் என்னா பண்ணுவேன், நீயே சொல்லு."

"அந்தப் பாட்டப் பாட மாட்டேங்க. வேற எவ்வளவோ இருக்கு, அதுல பாடுறேன்" என்றேன்.

"பாட்டு இல்லம்மா இப்ப பிரச்சன. ஆளுதான்."

மேனேஜர் அவரைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைப் பார்த்து நாலு வரியையும் வாசித்துக் காட்டினாராம். ஒரு சொல் பிசகவில்லை. உன் ஆபெராவில் யாரும் இருமாமல் கேட்டார்கள் என்று எழுதினாயே, அவரும் உன் பாட்டை அப்படித்தான் கேட்டிருக்கிறார்.

நம் ஊர் மட்டும் இல்லை. மாசி மாதம் வரைக்கும் பேசி வைத்திருந்த இடங்களில் மூன்று கைவிட்டுப் போய்விட்டன. மூன்றும் ஃபாக்டரி லாரி போகிற ஊர்கள்.

ஏன் அதைக் கேசட்டில் சேர்க்கவில்லை என்று இப்போது சொல்கிறேன், கேள். உன் வேலைக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாதென்றுதான் சேர்க்கவில்லை. பாடாலூரில் நம்மைத் தெரிந்தவர் கிடையாது என்பதால்தான் அங்கே பாடினேன், அதுவும் ஒரே ஒரு தரம். எது யார் காதுக்குப் போகக் கூடாதென்று நான் வாயைக் கட்டிக்கொண்டேனோ, அதைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய் அவர் எதிரிலேயே உட்கார்ந்து பாடியிருக்கிறாய். பேரும் ஊரும் தேதியும் சொல்லி. தெரியாமல் செய்தாய், எனக்குத் தெரியும். தெரிந்து செய்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பூங்கொடியை அடித்துவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். வந்ததும் மேனேஜரிடம் போ. சண்டை போடச் சொல்லவில்லை, வேலையை விடச் சொல்லவில்லை. "அது எந் தங்கச்சி பாட்டு சார், அதுல பொய் ஒண்ணும் இல்ல" என்று ஒரு வார்த்தை சொல். அவர் கச்சேரி கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. ஜெர்மனியில் பெருமையாகச் சொன்னதை அரியலூரில் ஒரு தடவை சொல்.

பூங்கொடிக்கு ஜனவரி 29, வெள்ளிக்கிழமை காது குத்த நாள் பார்த்திருக்கிறது. கொல்லையில் இருந்த நம் கருப்புசாமியை எடுத்துக்கொண்டுபோய் ஃபாக்டரி காம்பவுண்டுச் சுவரோரம் வைத்தார்களே, அங்கேதான். சாமி போன இடத்துக்குத்தானே நாமும் போக வேண்டும்.

அமிர்தம்


அரியலூர்
18.1.99

அமிர்தத்துக்கு,

பதினோராம் தேதி வந்து சேர்ந்தேன். பெரம்பலூருக்கு வர நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் என்ன முகத்தோடு வருவது என்று தெரியவில்லை. காணும் பொங்கல் அன்று நம் ஊரில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடந்தது. நான் போகவில்லை.

மேனேஜர் சார் கூப்பிட்டனுப்பினார். கோபமாகப் பேசவில்லை. உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் அந்த அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ வந்தது. புதுச் சூளைக்கு நான்தான் பொறுப்பு என்றார். அப்புறம் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். ஏற்கெனவே டைப் அடித்திருந்தது. "ஒரு ஃபார்மாலிட்டிதான் குழந்தைவேலு, மேலிடத்துல கேக்குறாங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன இருந்தது என்பதைப் பெரிதுபடுத்தாதே. ஃபைலில் தூங்கப்போகிற காகிதம். நீ சொல்லச் சொன்ன வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தேன். டீ ஆறிப்போகும், குடிப்பா என்றார். குடித்துவிட்டேன்.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். நானும் ஒன்று சொல்கிறேன். நீ பாடிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவாய். அந்தத் தூசியில் பன்னிரண்டு வருஷமாக நிற்பவன் நான். அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தது இந்தச் சட்டை. உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது இந்தச் சட்டை. அதைத்தான் நீ ஆயிரம் பேர் விசிலடிக்கப் பாடினாய். சட்டைக்குள்ளே ஆள் இருக்கிறானா என்று ஊரைக் கேட்டாயே, ஒரு நாள் நேரில் வந்து என்னைக் கேட்டாயா? அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் அது வலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாயா?

இருக்கட்டும். வெள்ளிக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டால் போதும், சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் கருப்புசாமி. கண்டிப்பாக வருவேன். மாமன் மடி இல்லாமல் குத்திவிடாதே.

குழந்தைவேல்


பெரம்பலூர்
31.1.99

திரு. அ. குழந்தைவேல் அவர்களுக்கு,

ஃபைலில் தூங்கப்போவதாகத் தாங்கள் சொன்ன காகிதம் தூங்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறார்கள். போன புதன்கிழமை எனக்கும் ஒன்று கிடைத்தது. மாசித் திருவிழாவுக்குப் பேசியிருந்த கமிட்டிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். "கூடப் பொறந்தவரே எழுதிக் குடுத்துட்டாரேம்மா, நாங்க எதை நம்பி மேடை போடுறது?" என்று கேட்டார்.

'பாடகி அமிர்தவல்லி என்பவருக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. அவர் பாடிவரும் பாடல்கள் பொய்யானவை என்பதை அறிவேன்.' கீழே தங்கள் கையெழுத்து. ழகரத்தை இழுத்துப் போடுகிற அதே கையெழுத்து. எனக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டியது.

இதற்கு மேல் தாங்கள் என்று எழுத முடியவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

தொடர்பு இல்லை என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பிழைப்புக்காகச் சொன்னான் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பொய் என்று எழுதியிருக்கிறதே, அதற்குக் கீழேயா கையெழுத்துப் போட்டாய்? நாலு காணி பொய்யா? நாற்பதடிப் பள்ளம் பொய்யா? தினமும் அதைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறாய்? பொய் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னேன். பொய் என்று ஒரு வார்த்தை கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய். பாட்டு உன்னைப் புண்படுத்தியது என்று எழுதினாய். நியாயம். நேரில் வந்து உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதற்கு நீ என்னை அறைந்திருக்கலாம். நான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

இதையெல்லாம் படித்த பிறகும் வெள்ளிக்கிழமை கருப்புசாமி கோயிலில் உனக்குப் பாய் விரித்து வைத்தேன். எனக்கு வெட்கம் கிடையாது.

நல்ல நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதுக்கே பூங்கொடிக்குத் தலைக்குக் குளிப்பாட்டிப் பட்டுப் பாவாடை கட்டி உட்காரவைத்துவிட்டேன். அண்ணி மட்டும் சீர்த்தட்டோடு வந்தாள். "பர்மிஷன் குடுப்பாங்களான்னு தெரியல, வந்துருவாரு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். பத்தரை ஆயிற்று. ஆசாரி கடையைத் திறக்க வேண்டும் என்றார். இன்னொரு தட்சிணை வைக்கிறேன், இருங்கள் என்று கெஞ்சினேன். இரண்டு மணிக்குச் சங்கு ஊதும், ஷிப்ட் முடிந்து வருவான், வராமல் எங்கே போவான் என்று எல்லாரையும் உட்காரவைத்தேன். வெயிலில், சுவரோரம், தூசியில், இரண்டு மணி வரைக்கும். பிள்ளை தூங்கிப்போனாள்.

சங்கு ஊதியது. கேட்டுக்கு ஓடினேன். நீலச் சட்டைகள் வந்தன. அறுபது எழுபது பேர் இருக்கும். எல்லார் முகத்திலும் வெள்ளைத் தூசி, எல்லாரும் ஒரே மாதிரி. ஒவ்வொரு சட்டையாக எட்டி எட்டிப் பார்த்தேன். அவர்களும் இந்தப் பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசி ஆளும் போன பிறகு வாட்ச்மேன்தான் சொன்னார், "சூளக் குழந்தைவேலா? அவரு பின் கேட்டு வழியா அப்பவே போயிட்டாரும்மா."

பின் கேட்டுக்குப் போவதற்குச் சுவரை ஒட்டித்தான் நடக்க வேண்டும். தவில் சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். உனக்குக் கேட்கட்டும் என்றுதான் உன் மாப்பிள்ளை ஒரு மணியிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். கைவிரலெல்லாம் வெடித்துவிட்டது.

"மாமன் மடி இல்லாம குத்துனா நல்லாருக்காதும்மா. மாமன் மொறையில வேற யாராச்சும் இருந்தா ஒக்காரச் சொல்லு" என்றார் ஆசாரி. யார் இருக்கிறார்கள்? எனக்கு இருந்தது ஒரே ஒரு அண்ணன். தவிலைச் சுற்றி வைக்கிற உன் சட்டை ஓரமாகக் கிடந்தது. எடுத்து உதறினேன். நாலாக மடித்துப் பாயில் போட்டு, பிள்ளையைத் தூக்கி அதன்மேல் உட்காரவைத்தேன். இதுதான் மாமன், குத்துங்கள் என்றேன். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

முதல் காதுக்கே பூங்கொடி வீறிட்டாள். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற மாதிரி, பின்னால் திரும்பி மாமன் நெஞ்சில் முகத்தை வைக்கப் போனாள். பின்னால் சுவர்தான் இருந்தது. அதற்குள் நான் பிடித்துக்கொண்டேன்.

கொல்லைப் பாட்டைக் கேசட்டில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும். மேடை கொடுக்காவிட்டால் போகட்டும். டீக்கடையில் ஓடினால் போதும், பஸ்ஸில் ஓடினால் போதும். இனி யார் வேலைக்காகவும் நான் எதையும் மறைக்க வேண்டியதில்லை, அந்த மட்டும் உன் கையெழுத்துக்கு நன்றி. நீ எங்காவது பஸ்ஸில் போகும்போது அது ஓடினால் இறங்கிவிடாதே. பிடிக்கும் என்றாயே. உட்கார்ந்து கேள். கோட்டு வேண்டாம்.

சட்டையைத் துவைத்து இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். காலர் ஓரத்தில் இரண்டு பொட்டு ரத்தம் இருக்கிறது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. தவிலுக்கு வேறு துணி பார்த்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
அமிர்தவல்லி என்பவர்